நினைவும் வாரிசுரிமையும்

அப்பா 2023 புரட்டாசியில் இறந்தார். பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்திருந்த நண்பர் ஒருவர், அவரைப் பற்றி நான் எழுத வேண்டும் என்றார். உபசாரத்துக்குச் சொன்ன வார்த்தை இல்லை. அவருக்கு அப்பாவைத் தெரியும். அந்த மாதமே நான்கு பக்கம் எழுதினேன். திருநெல்வேலியில் ஒரு ஜவுளிக்கடையில் 38 வருஷம் கணக்கு எழுதியவர். கல்லாவில் நாலணா கூடுதலாக இருந்தாலும் அது யாருடையது என்று தெரியாமல் வீட்டுக்குக் கிளம்ப மாட்டார். எனக்குக் காய்ச்சல் வந்த இரவுகளில் கால்மாட்டில் உட்கார்ந்தபடியே தூங்குவார். நான் எழுதும் கட்டுரைகள் தனக்குப் புரியவில்லை என்று மறைக்காமல் சொல்லிவிட்டு, பத்திரிகைச் சந்தாவை மட்டும் தவறாமல் கட்டிவந்தார். எழுதியதில் பொய் என்று ஒரு வரி கிடையாது. இருந்தும் அந்த நான்கு பக்கத்தை நான் அச்சுக்கு அனுப்பவில்லை. அனுப்ப முடியாமல் போன காரணத்தை யோசித்துப் பார்த்ததில் விளைந்தது இந்தக் கட்டுரை.

கேள்வியை இப்படி வைக்கலாம். நாம் நேசித்த ஒருவர் இறந்த பிறகு அவரை நினைப்பது என்ன மாதிரியான காரியம்? அது முழுக்க நம் அந்தரங்கமா? அதில் நியாயம், அநியாயம் என்று பேச இடம் உண்டா? துக்கம் ஓர் உணர்ச்சி, அதற்கு ஒழுக்கவிதி ஏது என்று தோன்றலாம். எனக்கும் வெகுநாள் அப்படித்தான் தோன்றிக்கொண்டிருந்தது.

இறந்தவர்களைப் பற்றிப் பேச இங்கு ஒரே சுருதிதான் இருக்கிறது. கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி, இரங்கல் கூட்டம், பத்திரிகையில் வரும் நினைவஞ்சலி விளம்பரம் எல்லாவற்றிலும் அதே சுருதி. பத்து வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாத பங்காளியும் மாலையோடு வந்து ஈடு செய்ய முடியாத இழப்பு என்கிறார். இதைக் கேலி செய்வது சுலபம். கேலி செய்து பழகியவர்கள்தாம் நாம். ஆனால் இந்த வழக்கத்தின் அடியில் ஒரு நியாயம் இருப்பதை மறுப்பதற்கில்லை. இறந்தவனால் பதில் சொல்ல முடியாது. பதில் சொல்ல முடியாதவன் மீது குற்றம் சுமத்துவது கோழைத்தனம் என்று சமூகம் கருதியதில் தப்பில்லை. நாம் கவனிக்கத் தவறுவது இன்னொன்றை. புகழ்ச்சிக்கும் அவனால் பதில் சொல்ல முடியாது. தன்னை இவ்வளவு பெரிய ஆளாக்க வேண்டாம் என்று அவன் எழுந்து வந்து மறுக்கப் போவதில்லை.

நம் முன்னோர் இந்த விஷயத்தில் நம்மைவிட நிதானமாக இருந்தார்கள் என்று படுகிறது. நடுகல்லை எடுத்துக்கொள்வோம். கல்லைத் தேர்ந்தெடுக்கும் காட்சியில் தொடங்கி வாழ்த்து வரையில் ஆறு நிலைகளைத் தொல்காப்பியப் புறத்திணையியல் சொல்கிறது. அத்தனை சடங்கும் ஒருவனுடைய ஒரு பகல் பொழுதின் செயலுக்காக. எழுத்துள்ள நடுகற்கள் பலவும் இன்ன அரசனின் இத்தனையாவது ஆட்சியாண்டில் இன்னான் தொறு மீட்டுப் பட்டான் என்ற அளவோடு நின்றுவிடுகின்றன. தொறு என்றால் மாட்டு மந்தை. அவன் நல்ல கணவனா, உடன்பிறந்தவர்களுக்குப் பங்கு கொடுத்தவனா என்றெல்லாம் கல் பேசுவதில்லை. தெரிந்ததைச் சொல்லி, அதற்குரிய மரியாதையைச் செய்து, மற்றதை விட்டுவிடுகிறது. இன்றைய ஃபிளெக்ஸ் பேனருக்கு முழு மனிதனும் வேண்டியிருக்கிறது. நான் எழுதிய நான்கு பக்கமும் நல்ல தமிழில் எழுதப்பட்ட பேனர்தான் என்பது பிறகு தெரிந்தது.

இறந்தவரை நினைப்பது பற்றி மேற்கில் எழுதப்பட்டவற்றில் என்னை மிகவும் பாதித்தது கீர்க்கெகார்ட் 1847இல் வெளியிட்ட ‘அன்பின் செயல்கள்’ நூலில் உள்ள ஓர் அத்தியாயம். இறந்தவரை நினைப்பதே மிகவும் தன்னலமற்ற அன்பு என்கிறார் அவர். இறந்தவர் எதையும் திருப்பித் தர மாட்டார். நினைக்கும்படி நம்மை வற்புறுத்தவும் மாட்டார். எனவே அந்த அன்பு சுதந்திரமானது, விசுவாசமானதும்கூட. இறந்தவர் மாறுவதில்லை என்பதால் இந்த உறவில் ஏதாவது மாற்றம் நேர்ந்தால் மாறியது உயிரோடிருப்பவன்தான் என்று இன்னொரு விஷயத்தையும் சேர்த்துக்கொள்கிறார். இந்தக் கடைசி வாதத்தில் ஒரு கூர்மை இருக்கிறது. அதில் தப்பிக்க இடமில்லை.

ஆனால் முதல் வாதத்தை என்னால் முழுசாக ஒப்புக்கொள்ள முடியவில்லை. அப்பாவின் நினைவிலிருந்து எனக்கு வருமானம் வந்துகொண்டிருக்கிறது. எங்கள் ஊரில் நான் இன்னார் மகன். அந்த அடையாளத்துக்கு மளிகைக் கடையிலிருந்து தாலுகா ஆபீஸ் வரை ஒரு மதிப்பு உண்டு. நேர்மையான மனிதரின் மகன் என்ற பெயர் என் நேர்மையைப் பற்றிய விசாரணையைப் பாதி குறைத்துவிடுகிறது. அவரை எவ்வளவு உயரத்தில் வைக்கிறேனோ அவ்வளவு உயரத்தில் நானும் கொஞ்சம் நிற்கிறேன். இறந்தவர் திருப்பித் தருவதில்லை என்பது சரி, நாமே எடுத்துக்கொள்கிறோம். கணக்குக் கேட்க ஆள் இல்லாத இடத்தில்தான் கை நீளும். இதை ஒரு கணக்குப்பிள்ளையின் மகனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இனி என் பிழைப்புக்கு வருகிறேன். நான் வங்கியில் குமாஸ்தா. இறந்தவர்களின் கணக்குகளை முடித்துக்கொடுக்கும் மேஜை சில வருஷங்களாக என்னுடையது. எதிரே வந்து உட்காருகிறவர்களுக்குத் திரும்பத் திரும்ப ஒரு விஷயத்தை விளக்க வேண்டியிருக்கும். நாமினி என்பவர் சொந்தக்காரர் ஆகிவிடுவதில்லை. வங்கி பணத்தை அவர் கையில் கொடுத்துத் தன் பொறுப்பை முடித்துக்கொள்கிறது, அவ்வளவுதான். அந்தப் பணத்தில் வாரிசுகள் எல்லோருக்கும் உள்ள பங்கு அப்படியே இருக்கிறது. ஆயுள் காப்பீட்டுப் பணம் பற்றி 1984இலும் வங்கி வைப்புத்தொகை பற்றி 2010இலும் உச்ச நீதிமன்றம் இதைத்தான் சொன்னது. சொன்னால் யாரும் நம்புவதில்லை. ‘அப்பா என் பெயரைத்தானே எழுதினார்’ என்பார்கள். பெயர் எழுதப்பட்டவனுக்கு மற்றவர்களுடைய பங்கு கண்ணில் படாமல் போவதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

அப்பாவின் பெயரில் வேறொரு வங்கியில் பழைய வைப்புத்தொகை ஒன்று இருந்தது. அதற்கு நாமினி இல்லை. நாமினி இல்லாத இடத்தில் வாரிசுகள் சேர்ந்து கேட்க வேண்டும். பங்கு வேண்டாதவர்கள் தங்களுக்கு அதில் பாத்தியதை இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அம்மா, நான், தங்கை மூன்று பேர். அலைச்சல் வேண்டாம், பணம் என் பெயருக்கு வந்துவிட்டால் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நானே படிவங்களைப் பூர்த்தி செய்தேன். தங்கை வந்திருந்தபோது அடுப்படியில் வைத்து அவளிடம் நீட்டினேன்.

“என்னண்ணே இது?”

“ஒண்ணுமில்ல, ஃபார்மாலிட்டி.”

ஈரக் கையைச் சேலையில் துடைத்துவிட்டு, படிக்காமல் கையெழுத்துப் போட்டாள். அண்ணன் வங்கியில் இருக்கிறான் என்ற நம்பிக்கை. எனக்கும் அந்த நிமிஷம் எந்த உறுத்தலும் இல்லை என்பதைச் சொல்லிவிட வேண்டும்.

அதே வாரம் வீட்டுப் பத்திரங்களைத் தேடி அப்பாவின் டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். தாத்தா பெயரில் தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று, தீர்வை ரசீதுகள். அவற்றின் நடுவில் 1991ஆம் வருஷத்து விடுதலைப் பத்திரம் ஒன்று இருந்தது. தாத்தா 1990இல் உயில் எழுதாமல் இறந்தவர். ஆச்சி அவருக்கு முன்பே போய்விட்டாள். வீடு தாத்தா சுயமாகச் சம்பாதித்தது. 1956ஆம் வருஷத்து இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அதில் அப்பாவுக்குப் பாதி, அப்பாவின் அக்காவான என் அத்தைக்குப் பாதி. பிறந்த வீட்டுச் சீராக ஏற்கெனவே நகைகளைப் பெற்றுக்கொண்டுவிட்டபடியால், யாருடைய தூண்டுதலும் இல்லாமல், மனப்பூர்வமாகச் சம்மதித்து, தன் பாதியைத் தம்பிக்கு விட்டுக்கொடுப்பதாக அத்தை எழுதிக்கொடுத்திருந்தாள். பத்திர எழுத்தர்களின் வழக்கமான வாசகங்கள்தாம். கீழே அத்தையின் கையெழுத்து. எழுத்துக்கூட்டிப் போட்டது தெரிந்தது.

அப்பா வீட்டுக்கும் கணக்கு எழுதுகிறவர். அந்த வருஷத்து நோட்டும் பெட்டியில் இருந்தது. அந்தத் தேதியில் முத்திரைத்தாள், பத்திர எழுத்துக்கூலி, சாட்சிகளுக்குக் காப்பி பலகாரம் என்று வரிசையாக எழுதியிருந்தார். கடைசியாக ஒரு வரி: அக்காவுக்கு வழிச்செலவு, ரூ.10.

நான் எழுதிய நான்கு பக்கத்தில் இந்த வரிக்கு இடமில்லை.

இப்போது எனக்கு ஹாம்லெட் ஞாபகத்துக்கு வந்தது. ஆங்கில இலக்கியம் படித்தவனின் தொழில்நோய் என்று சொல்லலாம். தகப்பனின் நினைவு மகன் மீது சுமத்தப்படுவது பற்றி ஐரோப்பா எழுதியவற்றில் அந்த நாடகத்துக்கு முதலிடம் உண்டு. ஆவி வருகிறது, தன்னை மறக்க வேண்டாம் என்று கேட்டுப் போகிறது. மகன் தன் மூளையிலிருந்து மற்ற எல்லாவற்றையும் அழித்துவிட்டு இது ஒன்றையே எழுதி வைத்துக்கொள்வதாகச் சபதம் செய்கிறான். கல்லூரியில் படித்தபோது நானும் கவனிக்காத ஒன்று அங்கே இருக்கிறது. தான் உயிரோடிருந்த காலத்தில் செய்த பாவங்கள் எரிந்து தீரும் வரை நெருப்பில் கிடக்கும்படி விதிக்கப்பட்டிருப்பதாக அந்த ஆவியே சொல்கிறது. என்ன பாவங்கள்? யாருக்குச் செய்தவை? ஹாம்லெட் கேட்பதில்லை. தாயிடம் இரண்டு படங்களைக் காட்டிப் பேசும்போது அவனுடைய தகப்பன் தேவர்களின் அம்சங்களெல்லாம் சேர்ந்த உருவம். அந்தப் பாவங்கள் அவனுக்கு ஞாபகம் வரும் சந்தர்ப்பம் ஒன்றுதான். பிரார்த்தனையில் இருக்கும் கிளாடியஸைக் கொல்லாமல் விடும்போது, தன் தகப்பன் பாவச் சுமையோடு செத்தானே, இவன் மட்டும் சுத்தமாகச் சாவதா என்று கணக்குப் போடுகிறான். பழிவாங்குவதற்கு உதவும் அளவுக்குத்தான் தகப்பனின் குற்றம் அவன் பிரக்ஞையில் தட்டுப்படுகிறது. யாருக்கோ என்னவோ இழைக்கப்பட்டிருக்கிறது, அவர்கள் எங்கோ உயிரோடு இருக்கலாம் என்ற எண்ணமே அவனுக்கு வருவதில்லை.

உண்மை மறைக்கப்படவில்லை என்பதுதான் இங்கே முக்கியம். இறந்தவனே சொல்லியும் மகனுக்குக் கேட்கவில்லை. எங்கள் வீட்டிலும் இதுவே நடந்திருக்கிறது.

அப்பா இறந்த அன்று அத்தை அம்பாசமுத்திரம் பக்கத்திலிருந்து பஸ் ஏறி வந்து, வாசலிலேயே ஒப்பாரி வைத்தாள். தம்பியைப் புகழ்ந்தாள். அதோடு சேர்த்துத் தான் பிறந்த வீட்டு வாசலைப் பற்றியும், அந்த வாசலில் தனக்கு இனி நிற்க உரிமை இல்லாததைப் பற்றியும் பாடினாள். முற்றத்தில் முப்பது பேர் இருந்தோம். எல்லோரும் அதை ஒப்பாரியின் மரபான சமாச்சாரமாக எடுத்துக்கொண்டோம். பிறந்த வீடு அற்றுப் போயிற்று என்று எல்லாப் பெண்களும் பாடுவதுதானே. நாட்டார் வழக்காறு பற்றி இரண்டு கட்டுரை எழுதிய நானும் அப்படித்தான் கேட்டேன். ஒப்பாரி மிகைப்படுத்தும், ஆனால் ஏமாற்றாது. இறந்தவனைப் புகழும் அதே மூச்சில் தன் குறையையும் சொல்லிக்கொள்ள அது பெண்ணுக்கு இடம் தருகிறது. அந்த வடிவத்தின் அந்தஸ்து எனக்கு அன்று புரிந்திருக்கவில்லை. அத்தை ஒரு பத்திரத்தைப் பற்றி ஊரறியச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஏன் கேட்கவில்லை என்று யோசித்தால் விடை கௌரவமாக இல்லை. அந்த வீட்டை அடமானம் வைத்துத்தான் 2006இல் அப்பா என்னை வெளியூர் விடுதியில் தங்கி பி.ஏ. படிக்க அனுப்பினார். தங்கையின் கல்யாணத்துக்கும் அதே வீடுதான் மறுபடி அடமானம் போயிற்று. பங்கு பிரியாத சொத்தாக இருந்திருந்தால் அத்தையின் கையெழுத்து இல்லாமல் கடன் கிடைத்திருக்காது. நான் கீர்க்கெகார்டைப் படித்தது அத்தையின் பாதி வீட்டின் மீது வாங்கிய கடனில். இதை நன்றாக உணர்ந்து சொல்கிறேன், அலங்காரத்துக்காக அல்ல.

அப்பாவுக்காக வாதாட வேண்டியது என் கடமை, வாதாடிப் பார்த்தேன். சீர் கொடுத்தால் பெண்ணுக்குப் பங்கு முடிந்தது என்று ஊரே நினைத்த காலம். தாத்தாவைக் கடைசி மூன்று வருஷமும் குளிப்பாட்டிச் சோறூட்டியது அப்பாவும் அம்மாவும். ஜவுளிக்கடைச் சம்பளத்தில் இருப்பவனுக்கு அந்த வீட்டைத் தவிர வேறு பிடிமானம் கிடையாது. இவை எல்லாம் உண்மை. இவற்றால் காரியம் விளங்குகிறது. விளங்கிவிட்டதாலேயே நியாயமாகிவிடவில்லை. நாலணாவுக்குச் சொந்தக்காரனைத் தேடி ராத்திரி ஒன்பது மணி வரை உட்கார்ந்திருந்த மனிதர், பாதி வீட்டுக்குச் சொந்தக்காரியிடம் வழிச்செலவு கொடுத்து அனுப்பினார். இரண்டும் ஒரே ஆள்.

அந்த வரியை வேறு மாதிரியும் படிக்கலாம். அவர் அதை எழுதாமல் விட்டிருக்கலாம், எழுதினார். தவறு செய்த அன்றும் கணக்கில் ஒளிவு மறைவு வைக்காதவர் என்று அதையே அவருடைய நேர்மைக்குச் சாட்சியாக்கிவிடலாம். ஒரு பிரதியிலிருந்து தனக்கு வேண்டிய அர்த்தத்தை வரவழைக்க எந்த விமர்சகனுக்கும் தெரியும். இந்தப் படிப்பு எனக்குச் சாதகமாக இருக்கிறது என்பதனாலேயே இதைச் சந்தேகிக்கிறேன்.

எதிர்ப்பக்கத்திலும் ஒரு சபலம் இருக்கிறது. நவீன மனத்துக்கு அதுதான் பெரிய சபலம். தகப்பனை அம்பலப்படுத்துவதே உண்மை என்ற எண்ணம். துதிக்கு மாற்று குற்றப்பத்திரிகை என்று நம்மிடையே பலர் எழுதிவருகிறார்கள். அதில் எழுதுகிறவனின் தைரியம் பளிச்சென்று தெரியும்படி விளக்குப் போடப்பட்டிருக்கும். இப்படி எழுதுகிறவர்களுக்கு ஆதாரமாக எப்போதும் காஃப்கா வந்துவிடுவார். 1919 நவம்பரில், இப்போது எனக்கிருக்கும் வயதில், நூறு பக்கத்துக்கு மேல் தன் தகப்பனுக்கு அவர் எழுதிய கடிதம் உலகறிந்தது. தாயிடம் கொடுத்தனுப்பியும் அது தகப்பனின் கைக்குப் போய்ச் சேரவில்லை. மகன் 1924இல் இறந்தார். தகப்பன் அதற்குப் பிறகும் ஏழு வருஷம் இருந்தார். நம்மவர்கள் பேசாமல் விடும் விஷயம் அந்தக் கடிதத்தின் முடிவில் இருக்கிறது. இத்தனை குற்றச்சாட்டுக்கும் தகப்பன் என்ன பதில் சொல்வார் என்று காஃப்காவே எழுதிப் பார்க்கிறார். அந்தப் பதில் சாதாரணமானதல்ல. மகனை நிலைகுலைய வைக்கக்கூடியது. தகப்பன் உயிரோடிருக்கும்போது எழுதிய மகனுக்கே எதிராளியின் வாக்குமூலம் தேவைப்பட்டிருக்கிறது. இறந்தவரைப் பற்றி எழுதும் நாம் அந்த இடத்தைக் காலியாகக்கூட விடுவதில்லை.

துதி பாடுகிறவனும் அம்பலப்படுத்துகிறவனும் ஒரு விஷயத்தில் ஒன்றுபடுகிறார்கள். அப்பா தன் சொத்து என்பது இரண்டு பேருடைய நினைப்பும். அவர் எப்படிப்பட்டவர் என்பதைத் தான் ஒருவனே தீர்மானிக்கலாம் என்று இருவரும் எடுத்துக்கொள்கிறார்கள். மற்ற வாரிசுகளிடம் கேட்பதில்லை. ஒவ்வொருவரிடமும் மனசுக்குள் ஒரு விடுதலைப் பத்திரம் எழுதி வாங்கிவிடுகிறார்கள்.

தங்கை கையெழுத்துப் போட்ட படிவத்தைக் கிழித்துப் போட்டேன். மூன்று பெயரிலும் கேட்டுப் புதிதாக எழுதினோம். பணம் மூன்றாகப் பிரிந்தது. அது எளிய காரியம். அதற்குப் பிறகு அத்தையைப் பார்க்கப் போனேன். மகள் வீட்டில் இருக்கிறாள், எழுபத்தைந்து தாண்டிவிட்டது. பத்திரத்தின் நகலை எடுத்து நீட்டினேன். வாங்கிப் பார்க்காமல் பக்கத்தில் வைத்தாள்.

“அவன் போடச் சொன்னான், போட்டேன் மருமவனே. என்னத்துக்குன்னு நான் கேக்கல. கேட்டிருந்தா அவன் உள்ளதச் சொல்லியிருப்பான். அதுக்காகத்தான் கேக்கல.”

இந்த நான்கு வாக்கியத்தையும் எத்தனை தரம் யோசித்தாலும் எனக்கு முடிவு கிடைப்பதில்லை. தம்பியின் நேர்மையை அவள் நம்பியிருக்கிறாள். அந்த நேர்மை அவமானப்படாமல் இருக்கட்டும் என்று தன் கேள்வியை விழுங்கியிருக்கிறாள். அப்பாவின் நற்பெயரில் அத்தையின் மௌனமும் முதலீடாகப் போயிருக்கிறது.

பிறகு அவளாகவே பேசினாள். 1966இல் அவளுக்குக் கல்யாணம் ஆகிப் புருஷன் வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள், பதிமூன்று வயசான அப்பா வீட்டில் சொல்லாமல் தென்காசி ரயிலில் ஏறி வந்துவிட்டாராம். கையில் டிக்கெட் இல்லை. ஸ்டேஷனில் பிடித்து உட்கார வைத்துவிட்டார்கள். அத்தையின் மாமனார் போய் அபராதம் கட்டிக் கூட்டிவந்திருக்கிறார். எதற்கு வந்தாய் என்று கேட்டதற்கு, அக்காவைக் கூப்பிட்டுக்கொண்டு போக வந்ததாகச் சொன்னாராம். சொல்லிவிட்டு அத்தை வெகுநேரம் சிரித்தாள்.

டிக்கெட் இல்லாமல் ரயிலேறிய அந்தப் பையனை எனக்குத் தெரியாது. நான் எழுதிய நான்கு பக்கத்தில் அவன் வந்திருக்கவே முடியாது. அத்தையின் பங்கில் இருப்பவன் அவன். அவளுடைய குறையைக் கேட்கப் பயந்து இத்தனை காலம் ஒதுங்கியிருந்ததில் அவளுடைய தம்பியையும் நான் இழந்திருந்தேன். ஒரு மனிதரைப் பற்றிய வருத்தமும் பாசமும் ஒருவரிடம் ஒன்றாகத்தான் கிடைக்கும். ஒன்றை மட்டும் பிரித்து வாங்கிக்கொள்ள முடியாது என்று நினைக்கிறேன்.

ஆகவே என் கேள்விக்கு எனக்குக் கிட்டிய விடை இது. இறந்தவரின் நினைவுக்கு மகன் நாமினி. அது அவன் கையில் வந்து சேர்கிறது, அதைக் காப்பாற்றும் பொறுப்பும் அவனுடையது. அவனுக்கு அதில் அனுபவ பாத்தியதை உண்டு. ஆனால் மற்றவர்களின் பங்கை அழித்து எழுத அதிகாரம் கிடையாது. அந்த மற்றவர்களில் இறந்தவரால் நல்லது பெற்றவர்கள் மட்டும் இல்லை. இப்படிச் சொல்வதால் அப்பா மீதுள்ள பிரியம் குறைந்ததா என்று கேட்டால், குறையவில்லை. இறந்தவர் மாறுவதில்லை என்று கீர்க்கெகார்ட் சொன்னதை இங்கே ஞாபகப்படுத்திக்கொள்ளலாம். அந்தப் பத்து ரூபாய் 1991இலிருந்து அந்த நோட்டில்தான் இருக்கிறது. என் கால்மாட்டில் உட்கார்ந்து தூங்கியவரும் அதை எழுதியவர்தான். நான் நேசித்தது அந்த முழு ஆளை என்று இப்போதுதான் சொல்ல முடிகிறது.

அம்மாவுக்கு இதில் சம்மதமில்லை. “போனவுகள எதுக்குக் கூண்டுல ஏத்துத?” என்றாள். அந்தக் கேள்வியையும் ஒரு வாரிசின் கேள்வியாகவே மதிக்கிறேன். வீட்டு விவகாரம் இன்னும் முடியவில்லை. பத்திரம் சட்டப்படி செல்லும். அம்மா அந்த வீட்டில்தான் இருக்கிறாள். அம்மா காலத்துக்குப் பிறகு அத்தை வழிக்கு அவர்கள் பாதி போய்ச் சேரும்படி எழுதிவைப்பது என்று நானும் தங்கையும் பேசியிருக்கிறோம். பேச்சு பேச்சாகத்தான் இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். கட்டுரை எழுதிவிட்டதால் கடன் தீராது. இதை அச்சுக்குக் கொடுக்கும் முன் தங்கைக்கும் அத்தைக்கும் படித்துக் காட்டினேன். அத்தை ஒரு விஷயத்தை எடுத்துவிடச் சொன்னாள். எடுத்துவிட்டேன்.

போன ஆடி அமாவாசைக்குத் தாமிரபரணியில் எள்ளும் தண்ணீரும் இறைக்கப் போயிருந்தேன். தகப்பன், பாட்டன், பூட்டன் என்று மூன்று தலைமுறைப் பெயர் கேட்பது வழக்கம். அதற்கு மேல் உள்ளவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. புதிதாக ஒருவர் வந்து சேரும்போது பழையவர் ஒருவர் பெயரில்லாதவர்களோடு போய்ச் சேர்கிறார். பூட்டனார் பெயர் எனக்குத் தெரியவில்லை. போன வருஷம் வரை அப்பா சொல்லிக்கொடுப்பார் என்ற நினைப்பிலேயே இருந்துவிட்டேன் போலும். புரோகிதர் காத்திருந்தார். படித்துறையில் நின்று அத்தைக்குப் போன் செய்தேன். கரையில் நின்று தண்ணீர் விட அவளுக்கு உரிமை கிடையாது. பெயரை உடனே சொன்னாள், இனிஷியலோடு.

அதைச் சொல்லித் தண்ணீர் விட்டேன்.